‘ங்க’ எங்கே போயிற்று?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

நம் கல்லூரியில் எந்த வகுப்பறை வாசலிலும் காலை வேளையில் கேட்கக்கூடிய ஒரு சொல் உண்டு. ‘மேகமின்சார்’ என்பது அது. மேகத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏதோ உறவு இருப்பதுபோல ஒலிக்கும். எந்த அகராதியிலும் கிடைக்காது. ‘மே ஐ கம் இன் சார்’ என்ற ஐந்து சொற்களை ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிச் சொல்லி ஒன்றாக உருக்கி வார்த்துவிட்டோம். சொல்லுகிறவன் விடைக்காக நிற்பதில்லை. பேராசிரியரும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. சொல்லி முடிக்கும்போது பையன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அப்படி நுழைகிறவன்தான். என் வருத்தம் வேறு. மாற்றாரிடம் பணிவாகப் பேச நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வாக்கியம் இது. இதை உருக்காமல் பிரித்துப் பார்த்திருந்தால், ‘மே ஐ’ என்பது அனுமதி கேட்கும் சொல் என்றும், அதே சொல்லைக் கொண்டு ஒரு பேனாவை இரவல் கேட்கலாம், ஒரு நூலைப் பார்க்கக் கேட்கலாம் என்றும் விளங்கியிருக்கும். விளங்கவில்லை. ஆகவே மூன்று ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே போகும்போதும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கவோ, ஒருவரை உபசரிக்கவோ, ஒருவரை அழைக்கவோ ஆங்கிலத்தில் நமக்கு வாய் வருவதில்லை. வந்தாலும் அது கட்டளையாக வருகிறது.

என் கதையையே சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வெளி மாநிலத்திலிருந்து ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்திருந்தார். தமிழ் அறியாத அம்மையார். அவரை வரவேற்று உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கும் பொறுப்பு எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் தரப்பட்டது. ‘கம் மேடம், சிட் மேடம்’ என்றேன். உட்கார்ந்தார். ‘யூ வான்ட் டீ?’ என்றேன். ‘நோ, தேங்க் யூ’ என்றார். எங்கள் ஊரில் விருந்தாளி முதல் தடவை ‘வேண்டாமுங்க’ என்றுதான் சொல்லுவார். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கையில் திணித்தால் ‘எதுக்குங்க சிரமம்’ என்று சொல்லிக் குடிப்பார். முதல் ‘வேண்டாம்’ கேட்டவுடன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போகிறவனை ஊரில் யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். ஆகவே, ‘நோ மேடம், யூ மஸ்ட் டிரிங்க்’ என்றேன். அவர் புன்னகையோடு மறுபடியும் மறுத்தார். நான் டம்ளரை மேசைமேல் வைத்து, ‘டிரிங்க் மேடம்’ என்றேன். குடித்தார். கஷாயம் குடிப்பவர்போல் குடித்தார்.

சற்று நேரம் கழித்து, ‘வுட் யூ மைண்ட் க்ளோஸிங் த விண்டோ?’ என்று என்னைக் கேட்டார். நான் மிகுந்த உற்சாகத்தோடு ‘எஸ் மேடம்’ என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினேன். சன்னலைச் சாத்துவதில் உனக்கு ஆட்சேபணை உண்டா என்று அவர் கேட்டிருக்கிறார். உண்டு என்று சொல்லிவிட்டு அதைச் செய்தும் கொடுத்திருக்கிறேன்! பிற்பகலில், ‘வொய் டோன்ட் யூ ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?’ என்றார். காரணம் கேட்கிறார் என்று எண்ணி, ‘பிகாஸ் ஐ ஹேவ் டு கேரி த சேர்ஸ், மேடம்’ என்று உண்மையான காரணத்தைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அது சாப்பிட வா என்ற அழைப்பு என்று அன்று இரவுதான் நண்பன் சொல்லித் தெரிந்தது.

இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடியவை. அடுத்தது அப்படியல்ல. புறப்படும்போது அந்த அம்மையார், கோடை விடுமுறையில் தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் பயிற்சி பெற விரும்பும் மாணவர்கள் தமக்கு எழுதலாம் என்று சொல்லிப் போனார். நண்பனும் எழுதினான், நானும் எழுதினேன். என் மின்னஞ்சலில் இருந்தவை மூன்று வாக்கியங்கள்: ‘ஐ வான்ட் டு டூ ட்ரெய்னிங் இன் யுவர் லேப் இன் மே. கிவ் மீ பெர்மிஷன். ரிப்ளை இம்மீடியட்லி.’ இலக்கணப் பிழை இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். நண்பன் எழுதியதில், ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட்’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தது. ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல்’ என்று இன்னொன்று. அவனுக்குப் பத்து நாளில் பதில் வந்தது. எனக்கு வரவில்லை.

மதிப்பெண்ணில் இருவரும் ஏறக்குறைய சமம். பதில் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம். இடம் ஒன்றுதான் இருந்திருக்கலாம். யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் எதற்குப் பதில் எழுதியிருப்பேன் என்பது எனக்கே விளங்கிவிட்டது.

வேதனை என்னவென்றால், நான் மரியாதையில்லாமல் எழுதவே இல்லை. என் மனத்துக்குள் ஓடியது இதுதான்: ‘மே மாசம் உங்க லேபுக்குப் பயிற்சிக்கு வரணும்னு ஆசைங்க மேடம். கொஞ்சம் அனுமதி குடுங்க. சீக்கிரமாப் பதில் போடுங்க.’ இதில் எங்காவது அகந்தை இருக்கிறதா? எங்கள் கொங்கு நாட்டில் எந்தப் பெரியவரிடமும் இப்படிப் பேசலாம். தங்கமான பையன் என்பார்கள். ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் ‘ங்க’ மட்டும் கீழே விழுந்துவிட்டது. ‘கொடு’, ‘போடு’ என்ற ஏவல் மாத்திரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

தமிழில் மரியாதை இருக்கும் இடம் வேறு, ஆங்கிலத்தில் அது இருக்கும் இடம் வேறு. நாம் எதிரில் இருப்பவரை முதலில் உயர்த்தி வைக்கிறோம். ‘நீங்கள்’ என்கிறோம், அண்ணா, அக்கா, ஐயா என்று முறை வைக்கிறோம், வினையின் வாலில் ‘ங்கள்’ சேர்க்கிறோம். எங்கள் பக்கத்தில் வினையோடு நில்லாமல் ‘சரிங்க’, ‘இல்லைங்க’, ‘நாளைக்குங்க’ என்று எந்தச் சொல்லிலும் அதை ஒட்டிவிடுவோம். இவ்வளவும் செய்த பிறகு, ‘வாங்க’, ‘உட்காருங்க’, ‘சாப்பிடுங்க’ என்று ஏவலாகவே பேசினாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் முதலமைச்சருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் ஒரே ‘யூ’தான். முன்பு அங்கேயும் ‘தௌ’ என்று ஒருமைக்கு ஒரு சொல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது பொதுவழக்கிலிருந்து போய்விட்டது. உறவுமுறை வைத்து அயலாரை அழைக்கும் பழக்கமும் அவர்களுக்கு நம்மைப்போல் கிடையாது. ஆகவே ஆளை உயர்த்திக் காட்ட வழியில்லை. அவர்கள் மரியாதையை வாக்கியத்தின் கட்டிலே வைத்திருக்கிறார்கள். கட்டளையைக் கேள்வியாக்குகிறார்கள். ‘கேன்’ என்பதைக் ‘குட்’ என்றும், ‘வில்’ என்பதை ‘வுட்’ என்றும் ஒரு படி தள்ளி வைக்கிறார்கள். கேட்கப்படுபவர் ‘முடியாது’ என்று சொல்ல விரும்பினால், முகம் சுளிக்காமல் சொல்லிவிட்டுப் போக ஒரு கதவைத் திறந்து வைப்பதுதான் அவர்களுடைய பணிவு. என் கடிதத்தில் அந்தக் கதவு இல்லை. ‘உடனே பதில் எழுது’ என்று அதைத் தாழிட்டும் விட்டேன்.

நாம் ஆங்கிலம் பேசும்போது சொல்லுக்குச் சொல் ‘சார்’ போடுவதற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘எஸ் சார், கம் சார், கிவ் சார், நோ சார்’. வெளியூர்க்காரர்கள் இதை அடிமைப் புத்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். அடிமைப் புத்தி அல்ல ஐயா! வழியில் தொலைந்த ‘ங்க’வுக்குப் பதிலாக நாங்கள் தேடிப்பிடித்த மாற்றுப் பொருள் அது.

இந்தக் ‘குட்’, ‘வுட்’ ஏதோ நமக்கு எட்டாத மேல்நாட்டு நாகரிகம் என்று மலைக்க வேண்டியதில்லை. என் தாயார் பள்ளியில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கப் போனால் ‘சர்க்கரை கொடு’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று, ‘ஒண்ணு கேக்கலாம்னு வந்தேனுங்கக்கா, ஒரு டம்ளர் சர்க்கரை இருக்குங்களா?’ என்பார். கவனியுங்கள். வந்தது இப்போது; சொல்லுவது ‘வந்தேன்’ என்று இறந்த காலத்தில். வேண்டுவது சர்க்கரை, கேட்பது ‘இருக்கிறதா’ என்று. இல்லையென்றால் ‘இப்பத்தான் தீர்ந்துது கண்ணு’ என்று அந்த அக்கா சொல்லிவிடலாம். இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப்’ என்று என் நண்பன் எழுதினானே, அதுவும் இதேதான். பெரிய காரியத்துக்கு நாமும் கதவைத் திறந்துவைத்துத்தான் கேட்கிறோம். பேனா கேட்பதற்கும் தண்ணீர் கேட்பதற்கும்கூட அவர்கள் அப்படிக் கேட்கிறார்கள், அவ்வளவே வேற்றுமை.

இதைப் பற்றி ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சொன்ன ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு அறிஞர்கள் உலக மொழிகளில் பணிவு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்து 1978இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள்; 1987இல் அது தனி நூலாயிற்று. உலகெங்கும் இத்துறையில் இன்றும் பேசப்படும் நூல் அது. அவர்கள் முக்கியமாக எடுத்துக்கொண்டவை மூன்று மொழிகள். ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோ நாட்டில் மாயன் வழிவந்தோர் பேசும் செல்டால். மூன்றாவது தமிழ், அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். பணிவுக்கு எடுத்துக்காட்டு தேடி வந்தவர்கள் குறித்துக்கொண்டு போன பேச்சு, என் தாயார் சர்க்கரை கேட்கும் பேச்சின் இனத்தைச் சேர்ந்தது. அவருடைய மகன்தான் கடிதம் எழுதத் தெரியாமல் நிற்கிறேன்.

உபசரிப்பிலும் அழைப்பிலும் நிலைமை சற்று வேறு. இங்கே ஆங்கிலேயரும் தாராளமாக ஏவலில் பேசுவார்கள். ‘ஹேவ் எ ஸீட்’ என்பதும் ‘ஹேவ் அனதர்’ என்பதும் ஏவல்தான். ‘யூ மஸ்ட் கம் அண்ட் ஸீ அஸ்’ என்பதும் அன்பான அழைப்புதான். நன்மை கேட்பவருக்கா, கேட்கப்படுபவருக்கா என்று பார்த்தால் போதும். நன்மை நமக்கானால் கேள்வியாகக் கேட்க வேண்டும். அவருக்கானால் கொஞ்சம் வற்புறுத்தலாம். ஆனால் அவர் ‘நோ, தேங்க் யூ’ என்றால் அது முடிவு. அம்மையாருக்கு நான் தேநீர் புகட்டியதில் பிழையான இடம் அதுவே. முதலிலேயே ‘வுட் யூ லைக் சம் டீ?’ என்று கேட்டிருக்கலாம். இங்கேயும் ஒரு வேடிக்கை. வினா வாக்கியத்தில் ‘சம்’ வராது, ‘எனி’தான் வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். உபசரிக்கும்போது மட்டும் ‘சம்’தான் அழகு; ‘ஆம்’ என்ற பதிலை நாம் எதிர்பார்க்கிறோம் என்று அது காட்டும். தேர்வில் ‘எனி’ எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். விருந்தாளிக்குத் தேநீர் கிடைக்காது.

அழைப்பில் நாம் செய்யும் கூத்து இன்னும் பெரிது. சென்ற தை மாதம் என் தமக்கையின் திருமணத்துக்கு ஆசிரியர் ஒருவரை ஆங்கிலத்தில் அழைக்கப் போய், ‘யூ கம்பல்ஸரி கம் சார், வித்தவுட் ஃபெயில்’ என்றேன். ‘கட்டாயம் வரணுமுங்க, தவறாம வந்துருங்க’ என்பது எவ்வளவு குளிர்ச்சியான பேச்சு! ஆங்கிலத்தில் அது நீதிமன்றத்து அழைப்பாணை ஆகிவிட்டது. (ஆசிரியர் வந்தார், மொய்யும் வைத்தார். நல்லவர்.) ‘நம்ம வீட்டுக்கு வாங்க’ என்று, விருந்தாளியையும் வீட்டுக்குச் சொந்தக்காரராக்கி அழைக்கிறோமே, அந்த ‘நம்ம’வுக்கு ஆங்கிலத்தில் இன்றுவரை எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

‘ப்ளீஸ் போட்டால் சரியாகிவிடுமே’ என்பார்கள் சிலர். ஆகாது. ‘ப்ளீஸ் கிவ் மீ பெர்மிஷன்’ என்பது தொப்பி வைத்த கட்டளை. ‘ப்ளீஸ்’ நம் வாயில் இயல்பாக வராததற்கும் காரணம் உண்டு. ‘தயவுசெய்து’ என்று நம் வீடுகளில் யார் யாரிடம் சொல்லுகிறார்கள்? பேருந்திலும் மருத்துவமனைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கும் சொல் அது. வேறு சிலரோ ‘கைண்ட்லி’யைச் சரணடைகிறார்கள். விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்த காலத்திலிருந்து நமக்கு வாய்த்த எழுத்துப் பணிவு அது ஒன்றே. ‘ரெஸ்பெக்டட் சார்’ தொடங்கி, காய்ச்சலால் அவதிப்பட்டு, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யில் முடியும். அது வெள்ளைக்காரன் ஆட்சியில் தாசில்தாருக்கு மனுப்போட்டவர்களின் நடை. தன்னைத் தாழ்த்திக்கொள்வது வேறு, மற்றவருக்கு இடம் விட்டுக் கேட்பது வேறு. முதலாவதை நன்றாகக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

‘ஆங்கிலேயன் போன பிறகும் அவன் நாசூக்கை நாம் ஏன் கற்க வேண்டும்?’ என்று விடுதியில் ஒரு நண்பர் வாதாடினார். தமிழ்ப்பற்று மிக்கவர், அவர் பேச்சை நான் மதிக்கிறேன். ஆனால் 1968இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றியது நம் மாநிலம். வெளி உலகத்தோடு பேச ஆங்கிலம் போதும் என்று நாமே தேர்ந்தெடுத்தோம். இன்று என்னோடு ஆங்கிலம் பேசப்போகிறவர் இலண்டன்காரர் அல்லர்; பீகார்க்காரரோ வங்காளியோ மலையாளியோதான். அவருக்கு என் ‘ங்க’ தெரியாது. எனக்கு அவருடையது தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்தக் ‘குட் யூ’ ஒன்றுதான். வீட்டில் முன்னமே படித்தவர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே வந்துவிடுகிறது. எங்களைப் போன்றோர் வீட்டில் சாப்பாட்டு மேசையே இல்லை. வகுப்பறையில் கிடைக்காவிட்டால் எங்களுக்கு எங்கேயும் கிடைக்காது.

ஆகவே ஆங்கிலத் துறை ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். பகுதி இரண்டில் செய்யுளும் உரைநடையும் சிறுகதையும் படிக்கிறோம். அவை வேண்டாமென்று சொல்லுகிற அளவுக்கு நான் வளரவில்லை. ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் என்று அட்டவணையில் எழுதிப்போடுவதோடு நில்லாமல், அது எப்போது, யாரிடம், எதற்காக வாயில் வரவேண்டும் என்று வாரத்தில் ஒரு மணி நேரம் எங்களைப் பேசவைத்துப் பழக்கலாமே? ஒருவன் அலுவலகத்து எழுத்தராகட்டும், ஒருவன் சான்றிதழ் கேட்கட்டும். ஒருவன் விருந்தாளியாகட்டும், ஒருவன் தேநீர் கொடுக்கட்டும். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வெளியே போய்ச் சிரிப்புக்கிடமாவதைவிட இங்கே நான்கு சுவருக்குள் சிரிப்பது மேல்.

மற்றத் துறை ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செய்முறை வகுப்பில் ஒரு முதலாண்டு மாணவன் வந்து, ‘சார், சைன் த ரெக்கார்ட்’ என்றால் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். எனக்குத் தெரிந்து ஒரு மாணவனுக்கு அந்தக் குற்றத்துக்காக ஒரு வாரம் கையெழுத்துக் கிடைக்கவில்லை. அவன் நெஞ்சில் அப்போது இருந்தது ‘ரெக்கார்டுல கையெழுத்துப் போடுங்க சார்’ என்பது. அந்த ‘ங்க’வைச் சற்றுச் செவிசாய்த்துக் கேட்டுவிட்டு, பிறகு ‘குட் யூ’வைச் சொல்லிக் கொடுங்கள்.

போன வாரம் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைத் தேடி விடுதிக்கு வந்தார். ஊருக்கருகில் நீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருக்கிறதாம்; பார்க்க வேண்டுமாம். ‘ஐ வான்ட் டு ஸீ யுவர் லேப். கிவ் மீ டேட்’ என்று எழுதி வைத்திருந்தார். எனக்கு என் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, ‘தம்பி, அங்கே இருக்கிறவர் உங்க மாமாவாக இருந்தால் என்ன கேட்பீங்க?’ என்றேன். சற்று யோசித்து, ‘ஒரு நாளைக்கு வந்து பாத்துட்டுப் போலாமுங்களா மாமா, உங்களுக்குத் தோதுப்பட்ட நாளா?’ என்றார். ‘மாமா’வை எடுத்துவிட்டோம். மீதியை இருவருமாக உட்கார்ந்து, ‘குட் ஐ கம் அண்ட் ஸீ யுவர் லேப் ஃபார் எ டே, வெனெவர் இட் இஸ் கன்வீனியன்ட் ஃபார் யூ?’ என்று எழுதினோம். எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. கடிதம் போயிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.